ஆடாத கப்பல்

பாண்டி பஜாரில் இருந்த கப்பல் டிக்கெட் ஆபீஸில் அய்யாதுரை அரை மணி நேரமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பேரனுக்கு ஆறு வயசு, பேத்திக்கு நாலு. அந்தமான் கப்பல்ல பிள்ளைகளுக்குப் பால் கிடைக்குமா தம்பி?”

“கெடைக்கும் சார். டாக்டரும் கூடவே வருவாரு.”

“கம்பி இடுக்குல தலைய விட்டுட்டா?”

“வலை கட்டியிருக்கோம் சார்” என்றான் கிளார்க்.

“எங்க சம்பந்தி ராஜரத்தினம் போன மாசம் ரெண்டையும் ரயில்ல பெங்களூர் கூட்டிட்டுப் போனாரு. அதுலேருந்து எப்பப் பாரு அந்தத் தாத்தா பேச்சுதான். நான் வாங்கிக் குடுத்த மிட்டாயத் தின்னுக்கிட்டே அவரு பெருமையப் பேசுதுக! எனக்கு வயிறு எரியுது.”

கிளார்க் சிரித்தான். “அப்ப புதுக் கப்பல்ல போங்க சார். ஆடவே ஆடாது. பழைய கப்பல் ரொம்ப ஆட்டும். பசங்க குஷியா ஓடிக்கினு இருக்கும். பழக்கமில்லாத பெரியவங்கதான் படுத்த படுக்கையாயிடுவாங்க.”

“பழைய கப்பல்லயே போடுங்க. பிள்ளைக ரெண்டு, பெரியவங்க நாலு.”

கார்பன் தாளைச் செருகிய கிளார்க் நிமிர்ந்தான். “நீங்க, உங்க வீட்டம்மா... மத்த ரெண்டு பேரு?”

“சம்பந்தியும் அவரு சம்சாரமும். அடுத்த மாசம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பொண்ணு வீட்டுச் சீரா இதச் செய்யுதேன்.”

“அவருக்குக் கடல் பழக்கமா சார்?”

“மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியில நின்னாலே தலை சுத்தும்.”

“ஐயையோ! அப்ப பசங்கள யாரு பாத்துப்பாங்க?”

“நான் எதுக்கு இருக்கேன்? தூத்துக்குடித் தோணியிலயே வளந்தவனுக்குக் கப்பலாட்டம் தொட்டிலாட்டம், தம்பி!”