மிச்சம் ஒரு மெயில்

"படிக்காதது மட்டும் பதினோராயிரத்து நானூத்திப் பன்னெண்டு சார்!"

மானிட்டருக்கு அந்தப் பக்கமிருந்து உதவியாளரின் குரல் கேட்டது. லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லும்மா. வெளியில யார் காதுலயாவது விழுந்துடப் போகுது."

விழாமல் என்ன? மாடி முழுக்க விஷயம் தெரியும். போன வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஒரு குடும்பமே ஒன்றரை மணி நேரம் தவித்துப் போனது. அந்த லிஃப்ட் சரியில்லை என்று மெக்கானிக் முன்கூட்டியே மூன்று மெயில் அனுப்பியிருந்தார். மூன்றையும் இவர் திறக்கவே இல்லை.

டைரக்டர் போனில் வறுத்தெடுத்துவிட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானே வரேன். உங்க இன்பாக்ஸைத் திறந்து காட்டணும். பாக்காத மெயில் இருந்துச்சு, அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

இன்று வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டரை.

பாவம், மனிதர் சோம்பேறி இல்லை. காலை எட்டு மணிக்கு இரண்டு பெரிய மானிட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயந்திரம் வரை தலை நிமிராது. யார் வந்து எது சொன்னாலும் கண்ணைத் திருப்பாமல், "மெயில்ல போடுங்க, பாக்கறேன்" என்பார். போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் எவ்வளவுதான் பார்ப்பார்?

"ஏன் சார் இவ்வளவு சேருது தெரியுமா? ஒரு கிரீஸ் டப்பா வாங்கினாக்கூட உங்களுக்கு ஒரு நகல் வருது."

"எவன் அப்படி அனுப்பச் சொன்னான்?"

"நீங்கதான் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி. 'எனக்கு நகல் வராத மெயில் செல்லாது'ன்னு சர்க்குலரே விட்டீங்க."

மேனேஜர் அவசரமாக அடுத்த மெயிலைத் திறந்தார்.

இந்த நிலைமையில் உதவிக்கு வந்தவள் இவள் ஒருத்திதான். அதுவும் யாரும் கூப்பிடாமல். "உங்க இன்பாக்ஸை என் லேப்டாப்லயும் திறந்துக்கறேன். நீங்க அங்கேர்ந்து தள்ளுங்க, நான் இங்கேர்ந்து தள்ளறேன்" என்று மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கெட்டிக்காரப் பெண். புகார்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்தந்தக் கட்டடத்து மெக்கானிக்குக்குத் திருப்பிவிட்டாள். விளம்பரங்கள் போயின. 'சரி', 'நன்றி', 'கிடைத்தது' என்று வந்தவை மட்டுமே நாலாயிரம் போயின.

"இப்ப ஒரு புது சர்க்குலர் அடிங்க சார். 'எனக்கு நகல் வேண்டாம். அவசரம்னா நேர்ல வாங்க.' அவ்வளவுதான்."

"நேர்ல வந்தா வேலை கெடுமே?"

"இப்ப மட்டும் கெடாம இருக்கா சார்?"

அடித்தார். அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் 'டிங் டிங்' என்ற சத்தம் குறைந்து, ஒரேயடியாக நின்றே போனது. அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அதை அவர் கேட்டதே இல்லை.

ஒன்றுதான் உறுத்தியது. அரை மணிக்கொரு தரம், "ஒரு நிமிஷம் சார், வந்துடறேன்" என்று எழுந்து போனாள். யாரிடமோ ரகசியமாகப் போன் பேசுகிறாளோ? வேறு கம்பெனியில் வேலை தேடுகிறாளோ?

டீ கொண்டுவந்த அம்மாள் இவர் கோப்பையை 'டொக்'கென்று வைத்தாள். எதிர்ப்பக்கம் போனதும் குரலே மாறியது. "நீ எழுந்திரிக்காத கண்ணு, நானே கையில தரேன். தலகாணி போதுமா?"

ஆபீசில் தலகாணியா! நடக்கட்டும் ராஜ உபசாரம் என்று மனதுக்குள் பொருமியபடி, திரையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

மூன்றே முக்கால்.

"முடிஞ்சுது சார். ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்."

"அதையும் தட்டி விடும்மா!"

"அதை நான் தொடக்கூடாது சார். நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டு மாசமா அடியில கிடக்கு. மேல இருக்கிறதை எல்லாம் அள்ளிப் போட்டாத்தான் அது உங்க கண்ணுல படும்னுதான் நானே வந்து உட்கார்ந்தேன்."

அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். இவளேதான். ராஜினாமா! சந்தேகமே இல்லை.

"என்னம்மா, விட்டுட்டுப் போறியா? நீ இல்லாம நான் ஒரு நாள் தாங்குவேனா? எதுவா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் சார். மூணு தடவை, இந்த மேஜைக்கு முன்னாடி வந்து நின்னு."

மெயிலைத் திறந்தார். ராஜினாமா இல்லை, லீவு லெட்டர். அப்பாடா என்று மூச்சு விட்டவர், எதற்கு லீவு என்ற வரிக்கு வந்தார். அதை இரண்டு தரம் படித்தார். பிறகு மானிட்டர்களை இரண்டு பக்கமாகத் தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்தினார்.

மூன்றடி தூரத்தில், தலையணையில் சாய்ந்து, நிறைமாத வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண்.

"டாக்டர் குடுத்த தேதி நாளைக்கு சார்" என்றாள்.