பாரு, தொடாத

அன்று காலை என் தங்கை சுடர் குளியலறையிலிருந்து கூவிக்கொண்டே ஓடிவந்தாள். "அக்கா, புதுசா ஒரு பரு கூட இல்ல. பாரு, தொடாத."

வாசனையில்லாத நுரையில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, லேசாக க்ரீம் தடவி, அதன்மேல் சன்ஸ்கிரீன். வேறெது பட்டாலும் அவள் முகம் எரிந்து சிவந்துவிடும். எப்போதும் கன்னத்தை மறைக்கும் முடியை அன்றுதான் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"இன்னிக்கு காலேஜ்ல குரூப் போட்டோ. முன் வரிசையில நிக்கப்போறேன்."

"போட்டோக்காரருக்குக் கண்ணு கூசப்போகுது."

"பொறாமை புடிச்சவளே" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த பஸ் பாலத்திலிருந்து கவிழ்ந்தது.

மறுநாள் அவளைக் குளிப்பாட்டும்போது பெரியம்மா மஞ்சளைக் குழைத்து முகத்தருகே கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மஞ்சள் வேண்டாம் பெரியம்மா. அவளுக்கு எரியும்."

"இனிமே என்னடி எரியப்போகுது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நானே அவளுடைய நுரையில் கழுவினேன். ஒற்றி எடுத்தேன். க்ரீம் தடவினேன். வெயிலில் கொண்டுபோவார்கள் என்று சன்ஸ்கிரீனும் தடவினேன். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன்.

புதிதாக ஒன்றுகூட இல்லை.