வழுக்குப் பாறை

கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் கரைப்பாறையெங்கும் அப்பிக் கிடந்தது. செம்பி நண்டுக்கு ஒரே குஷி. தட்டுத் தடுமாறி மேலே ஏறுவதும், சர்ரென்று சறுக்கி இறங்குவதுமாகக் கும்மாளம் போட்டது.

அதைத் தின்னப் பறந்து வந்த கொக்கு, பாறையில் கால் வைத்ததுமே வழுக்கி எண்ணெயில் மல்லாந்தது.

"நீயுமா!" செம்பி விழுந்து விழுந்து சிரித்தது. கொக்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இரு, சிரிச்சு முடிச்சதும் உன்னைத் தின்னுடறேன்" என்றபடி எழப் பார்த்தது. இறக்கைகள் ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தன.

"ஐயோ, பறக்க முடியலையே!"

பெரிய அலை ஒன்று வந்துகொண்டிருந்தது. செம்பி பாறை இடுக்கில் உடம்பைச் செருகிக்கொண்டு கொடுக்கை நீட்டியது.

"பிடிச்சுக்கோ!"

அலை இரண்டையும் மூழ்கடித்துவிட்டுப் போன பிறகும், கொக்கு அந்தக் கொடுக்கை வலிக்காமல் கவ்விக்கொண்டே இருந்தது.