மணமகள் இடம்

பெனிட்டா பிரிந்துபோன அன்று, அவள் பெயர் எந்தப் பக்கத்தில் வந்தாலும் மறைத்துவிடும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை நவநீதன் தன் பிரவுசரில் போட்டுக்கொண்டான். இன்று அவளுடைய கல்யாண அழைப்பிதழ் மெயிலில் வந்தது. மணமகன் பெயர் இருந்தது. மணமகள் இடம் காலி.

“வேக்கன்ஸின்னு அப்ளை பண்ணிடாத. செட்டிங்ஸ்ல போய் அந்தப் பேரை எடுத்துட்டுப் பாரு,” என்றான் அறைத்தோழன் சாலமோன்.

எக்ஸ்டென்ஷனைச் சொடுக்கி செட்டிங்ஸைத் திறந்தான். மறைக்கவேண்டிய பெயரை எழுதிய கட்டமும் வெறுமையாகவே இருந்தது.

“இங்கயும் காணோம் மச்சான்.”

“அது வேலையை அது ஒழுங்காப் பாக்குது. நீ அழி.”

வெறுமையின் ஓரத்தில் ஓர் எழுத்தை அழித்தான். ‘பெனிட்’ என்று மீதிப் பெயர் வெளியே வந்தது. நவநீதன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேவ் பண்ணுடா.”

அழித்த எழுத்தை அவன் நிதானமாகத் திரும்ப அடித்தான். பெயர் மறைந்தது.