பச்சமுத்துவின் மூக்கு

“கண்ணை மூடின மாதிரி வைக்கட்டுமாம்மா? பார்க்க அமைதியா இருக்கும்” என்று கேட்டான் அரவிந்தன்.

ஆதிலட்சுமி பதறிப்போனாள். “வேணாம் சார். தொறந்தே இருக்கட்டும்.”

திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் கோடைக்காலச் சிற்பப் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தது. பதினைந்து நாள். மெழுகில் உருவம் செய்து அதைப் பித்தளையில் வார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அரவிந்தனைப் போலக் கவின்கலைக் கல்லூரி முடித்து மூன்று கண்காட்சி வைத்தவர்களும் வந்திருந்தார்கள். ஜெனிஃபரைப் போல, அதுவரை களிமண்ணைக்கூடத் தொட்டிராத வங்கி ஊழியர்களும் வந்திருந்தார்கள்.

ஆதிலட்சுமி ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து கூலிக்கு மண் சுமக்க வந்தவள். முதல் நாள் மதியம் கொட்டகை ஓரமாக நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அரவிந்தனிடம் கேட்டாள்.

“எங்க வூட்டுக்காரரு மொகத்த செஞ்சி குடுப்பீங்களா சார்?”

“போட்டோ இருக்கா?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

“ஆதார் அட்டையில இருக்குமே?”

“அதுவும் அவரோடயே பூடுச்சி சார்.”

பக்கத்து மேசையில் இருந்த ஜெனிஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அரவிந்தன் தான் செய்யத் தொடங்கியிருந்த குதிரையை ஒதுக்கிவைத்தான்.

ஆனால், மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால், “மூக்கு மாதிரிதான் சார் இருக்கும்” என்றாள். கன்னம் எப்படி என்றால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பதினான்கு வருஷம் பக்கத்தில் இருந்த முகத்தைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. ரோட்டில் போகிற ஆட்களைக் காட்டினாள். பால்காரரின் நெற்றி. டிராக்டர்காரரின் தாடை.

அரவிந்தன் ஒட்டினான், வழித்தான், மறுபடி ஒட்டினான். நான்காம் நாள் ஒரு முகம் வந்தது. எடுப்பான மூக்கு, உறுதியான தாடை. முகாமே சுற்றி நின்று கைதட்டியது.

ஆதிலட்சுமி வெகுநேரம் பார்த்தாள்.

“ரொம்ப நல்லா கீது சார். ஆனா அவரு இல்ல.”

ஐந்தாம் நாளும் அவர் இல்லை. ஆறாம் நாளும் இல்லை. ஏழாம் நாள் அரவிந்தன் கையிலிருந்த கம்பியை மேசைமேல் வீசினான்.

“எது சரியில்லன்னு சொன்னாத்தானேம்மா மாத்த முடியும்?”

“தெர்லியே சார்! கண்ண மூடுனா வர்றாரு, தொறந்தா பூடுறாரு. நான் இன்னா பண்ணுவேன்?” நெற்றியில் அறைந்துகொண்டாள். குங்குமம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஜெனிஃபர்தான் ஓடிவந்தாள். கத்திரி வெயிலில் மெழுகு இளகத் தொடங்கியிருந்தது. அதை நிழலுக்கு நகர்த்தப் போனவளின் கட்டைவிரல் மூக்கில் அழுந்திவிட்டது. எடுப்பான மூக்கு இடது பக்கம் சாய்ந்தது. மேலுதடு கொஞ்சம் தூக்கிக்கொண்டது.

“ஐயோ, சாரிக்கா...” என்று நிமிர்த்தப் போன அவள் கையை ஆதிலட்சுமி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுங்க மேடம். தொடாதீங்க. அப்டியே வுடுங்க.”

அரவிந்தன் திரும்பி வந்தபோது, மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஆதிலட்சுமி விசும்பிக்கொண்டிருந்தாள். கோணல் மூக்கும் தூக்கிய உதடுமாக, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மனிதனின் முகம் மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இவருதான் சார். இவருதான் பச்சமுத்து.”

ஏழு நாளில் தன்னால் முடியாதது ஒரு விரல் தவறியதில் வந்துவிட்டதை அரவிந்தன் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அந்த முகத்தில் எதையும் மாற்றவில்லை.

மறுநாள் அச்சுக்கு மண் பூசும் வேலை. மெழுகின் மேல் களிமண் பூசி மூடி, காயவைத்துச் சூடு காட்டினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். காலியான இடத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். அரவிந்தன் நைசாகக் குழைத்த வண்டல் மண்ணை நெற்றியில் பூசினான். பிறகு கண்களில் பூசினான்.

மண்கூடையோடு வந்த ஆதிலட்சுமி, கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“மூடாதீங்க சார்! அவர மூடாதீங்க!”

“மூடினாத்தாம்மா வார்க்க முடியும்.”

“மெளுகு இன்னா ஆவும்?”

“உருகிடும். ஆனா பித்தளையில ஆயிரம் வருஷம் இருப்பார். உங்க பிள்ளைங்க மாலை போட்டுக் கும்பிட ஒரு முகம் வேணாமா?”

அவள் முந்தானை நுனியை நனைத்து, அந்தக் கண்களில் இருந்த ஈர மண்ணை மெதுவாகத் துடைத்தெடுத்தாள். கொட்டகையில் எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. ஜெனிஃபர் அவள் தோளைத் தொட்டாள்.

“அக்கா, மனசைத் தேத்திக்கங்க. எத்தனை நாள்தான் இப்படியே...”

ஆதிலட்சுமி அவளைப் புரியாமல் பார்த்தாள். பிறகு அரவிந்தன் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

“பித்தளையெல்லாம் வேணாம் சார். உங்க போன்ல இத ஒரு போட்டோ புடிச்சி, பிரின்ட் போட்டுக் குடுங்க. அது போதும்.”

“போட்டோவா? எதுக்கும்மா?”

“மரம் வெட்டன்னு இட்டுக்கினு போனாங்க, அவரு இன்னும் வூடு வந்து சேர்ல சார், ஸ்டேசன்ல போட்டோ கேக்குறாங்க.”