உரிமம் புதுப்பிக்கும் நாள்

வங்கிக் காவலாளி சூசைமணி துப்பாக்கிப் பயிற்சித் தேர்வில் ஒரு பிழையும் செய்யவில்லை. தோட்டாக்களைக் கழற்றிக் காட்டினார், குறி தவறாமல் சுட்டார். உரிமத்தைப் புதுப்பிக்க இனி ஒன்றுதான் பாக்கி. வெற்றுத் துப்பாக்கியை மடியில் வைத்திருக்கும் அவர் பக்கத்தில், வீட்டின் கடைக்குட்டி ஒரு நிமிடம் பயமில்லாமல் உட்கார வேண்டும்.

மகள் ஷெரினின் மணிக்கட்டில் நாடி பார்க்கும் பட்டை கட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் திரையில் நாடித்துடிப்பு கிடுகிடுவென ஏறிச் சிவப்பைத் தொட்டது.

"அப்பா, நான் வேணும்னு பண்ணலப்பா. உங்க வேலை போயிருமா?"

அதிகாரி இரக்கப்பட்டார். "பாப்பாவுக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான். ஒரு வாரம் வீட்டுல பழக்கிக் கூட்டிட்டு வாங்க."

சூசைமணி துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார்.

"வேண்டாம் சார். ஒரு வாரத்துல இவ பயத்த மறைக்கத்தான் கத்துக்குவா."