பீரோவில் உப்பு

"ஒரு சிட்டிகை போடேன்டி பத்மஜா, நாக்கு செத்துப் போச்சு!" சாப்பிட உட்காரும்போதெல்லாம் கெஞ்சுவார் வெங்கடேஸ்வரன்.

மனைவி மசியமாட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த எலிச் செல்கள், உப்பைக் கூட்டியதும் புற்றுநோய் மாதிரி தாறுமாறாகப் பெருகியதைக் கண்ணால் பார்த்தவள். அன்றே ஸ்ரீவராகத்தில் இருந்த அவர்கள் வீட்டு உப்பு ஜாடி பீரோவுக்குள் போய்விட்டது.

"நீங்க நூறு வயசு இருக்கணும், தெரியறதா?"

அவரும் சப்பென்ற சாம்பாரை விழுங்கி வைப்பார்.

இன்று அவளே பீரோவைத் திறந்தாள். பாவம், எவ்வளவு கெஞ்சியிருப்பார்! இன்றைக்காவது ருசியாகச் சாப்பிடட்டும். வடித்த சாதத்தில் போட, கை நிறைய உப்பை அள்ளினாள்.

"ஐயையோ, மாமி!" வாத்தியார் பதறித் தடுத்தார். "பிண்டத்துக்கு உப்பு சேர்க்கப்படாது."